சின்ன நாட்டுப் படங்களை மட்டக்களப்பில் காட்டுறது: தமிழ்ச் சப்டைட்டில், பிரதி, ஹோல்

கல்லடி வாசகன் – 4 ஜூன் 2025, இரவு 9.12

பூட்டான், வட மசிடோனியா, மங்கோலியா, வங்காளதேசம் மாதிரி நாட்டுப் படங்களை மாசம் ஒண்டு வீதம் இங்க காட்டலாமா எண்டு நாலு பேர் யோசிக்கிறம். 150 பிளாஸ்டிக் கதிரை போடக்கூடிய ஹோல் இருக்கு. தரை சமதளம், மேடை இல்ல. சபையில சிலர் சொல்றது: "இதெல்லாம் வெளிநாட்டு விழாக்காரருக்காக எடுத்த படம், அந்த ஊர்ச் சனமே பார்க்கிறதில்ல. எங்கட சனம் சப்டைட்டில் வாசிச்சுப் பார்க்குமா?" இதுக்கு என்ன பதில்? எந்தப் படத்தில தொடங்கலாம்? அண்ணன்மார், அக்காமார் தெரிஞ்சதைச் சொல்லுங்க.

வாவிக்கரை – 4 ஜூன், இரவு 10.40

முதல் அந்த "ஊர்ச் சனம் பார்க்கிறதில்ல" கதையை எடுப்பம். பார்க்காம விட்டதும் பார்க்க விடாம வச்சதும் வேற வேற. வங்காளதேசத்துத் தாரெக் மசூதின்ர "மாட்டிர் மொய்னா" 2002இல கான் விழாவில விமர்சகர் விருது வாங்கினது. அதே வருசம் சொந்த நாட்டுத் தணிக்கை அதைத் தடுத்தது, பிறகுதான் தடை நீங்கினது. இங்கயும் அப்பிடித்தான். பிரசன்ன விதானகே 1997இல எடுத்த "புரஹந்த களுவர" 2000இல தடைபட்டு, உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் வெளியில வந்தது. விமுக்தி ஜயசுந்தரவின் "சுலங்க எனு பிணிச" 2005இல கானில முதல் படத்துக்கான தங்கக் கமரா விருது எடுத்தது. மட்டக்களப்பில அதைப் பெரிய திரையில பார்த்தவங்களை விரல் விட்டு எண்ணலாம். சனத்துக்கு ரசனை இல்ல எண்டு முடிவு கட்டுறதுக்கு முன்னம், படம் எங்கட மொழியில ஒழுங்கா வந்து சேர்ந்ததா எண்டு பார்க்கணும்.

எந்தப் படம் முதல்? கதை பிடிக்குமா எண்டு பார்க்கிறதுக்கு முன்னம் வசன எண்ணிக்கையைப் பாருங்க. சாதாரணமா ஒன்றரை மணித்தியாலப் படத்தில 800 முதல் 1200 வரையான சப்டைட்டில் வரும். பேச்சுக் குறைஞ்ச படத்தில அதில பாதியும் வராது. வாசிச்சுப் பழக்கமில்லாத சபைக்கு அப்பிடிப்பட்ட படம்தான் வாசல். மங்கோலியாவின்ர "அழும் ஒட்டகத்தின் கதை" (2003) அப்பிடி ஒண்டு. ஈன்ற குட்டியை ஒட்டகம் ஒதுக்குது, இசைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து வாசிச்சு அதின்ர மனசை மாத்துறாங்க. மாடு பால் விடாம உதைக்கிறதைக் கண்ட ஊரில இதுக்கு விளக்கம் தேவைப்படாது. பிள்ளைகளும் இருந்து பார்க்கும்.

இரண்டாவதுக்கு "ஹனிலேண்ட்" (2019). வட மசிடோனியாவில துருக்கி மொழி பேசுற தேனெடுக்கிற பெண் ஹதிஜேயைப் பற்றிய ஆவணப்படம். 3 வருசம், 400 மணித்தியாலத்துக்கு மேல பிடிச்சது. எடுத்தவங்களுக்கு அந்த மொழி சரியா விளங்காததால முதலில பேச்சை விட்டு, கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் பார்த்துத்தான் படத்தைத் தொகுத்தாங்க. அதனால சப்டைட்டில் ஒண்டு ரெண்டு தவறினாலும் கதை தவறாது.

மருதமுனை நெசவு – 5 ஜூன், காலை 6.55

ஹோல் எண்டால் புரொஜெக்டரின்ர வெளிச்சம் 5000 லூமனுக்குக் குறைஞ்சா சரிவராது. வாடகைக்கு எடுக்கிறதெண்டால் அதைப் பார்த்து எடுங்க.

வாவிக்கரை – 5 ஜூன், பகல் 12.20

மருதமுனைக் காக்கா, கணக்குப் போட்டுப் பார்ப்பம். 12 அடி அகலத் திரை எண்டால் உயரம் 6.75 அடி, பரப்பு 81 சதுர அடி. சினிமாத் தியேட்டருக்கான அளவு சதுர அடிக்கு 14 லூமன். 81ஐ 14ஆல பெருக்கினா 1134. முழு இருட்டில உண்மையான 2000 லூமன் தாராளம். 5000 தேவைப்படுறது யன்னலுக்குத் திரைச்சீலை இல்லாத ஹோலில. அந்தக் காசுக்குக் கறுப்புத் துணி வாங்கி யன்னலை மூடினா ஒவ்வொரு மாசமும் பயன்.

நான் "உண்மையான" எண்டு சொல்றது காரணத்தோட. ஒன்லைனில விக்கிற சின்னப் புரொஜெக்டர்களில 9000 லூமன் எண்டு அடிச்சிருக்கும், உள்ள 300 கூட இராது. பெட்டியில "ஆன்சி லூமன்" அல்லது "ஐ.எஸ்.ஓ 21118" எண்டு இருக்கிற எண்ணை மட்டும் நம்புங்க. பாவிச்ச பல்பு எண்டால் அதிலயும் கால்வாசி கழிச்சுப் பாருங்க.

மருதமுனை நெசவு – 5 ஜூன், பின்னேரம் 5.48

சரி, இருட்டு ஹோலுக்கு உங்கட கணக்கை ஏத்துக்கொள்றன். ஆனா ஹோலில கவனிக்க வேண்டிய வேற சாமான் இருக்கு.

சீலிங் ஃபேன். எங்கட பக்கத்து ஹோல்களில ஃபேன் தாழத் தொங்கும். புரொஜெக்டரைப் பின்னுக்கு உயரத்தில வச்சா ஒளி ஃபேன் தட்டுக்குள்ளால போகும், திரை முழுக்கச் சிமிட்டும். நடு வரிசை ஃபேனை நிப்பாட்டினா சனம் அவிஞ்சு போகும். புரொஜெக்டரை ஃபேனுக்குக் கீழ, நடைபாதை நடுவில, 4 அடி மேசையில வச்சு, முன் வரிசைத் தலைக்கு மேலால அடிக்கணும். படம் சாய்ஞ்சு தெரிஞ்சா கீஸ்டோனை (மெசினே சாய்வை நேராக்கிக் காட்டுற வசதி) நம்பாதீங்க, அது எழுத்தைக் குழப்பும். மெசினைச் சரிக்காம லென்ஸாலயே படத்தை மேல கீழ நகர்த்துற லென்ஸ் ஷிஃப்ட் இருக்கிற மெசின் கேளுங்க.

மறுகா தரை சமதளம் எண்டு எழுதியிருக்கிறீங்க. கதிரையில இருக்கிற ஆளின்ர தலை 4 அடியில நிக்கும். சப்டைட்டில் வாறது திரையின்ர அடியில. திரையின்ர அடி விளிம்பு 5 அடியில தொடங்கினாத்தான் மூண்டாம் வரிசைக்குப் பிறகு இருக்கிற ஆள் வாசிக்கலாம். 5உம் 6.75உம் கூட்டினா 11.75. கூரை 12 அடி இருக்கா? 10 அடிக் கூரை எண்டால் 8 அடி அகலத் திரைக்கு இறங்குங்க, உயரம் நாலரை, மொத்தம் ஒன்பதரை. அதுவும் சரிவராது எண்டால் சப்டைட்டிலைத் திரையின்ர மேல் விளிம்புக்கு ஏத்துங்க. பார்க்க வடிவில்லைதான், வாசிக்கலாம்.

கல்லடி வாசகன் – 5 ஜூன், இரவு 8.30

கூரை 11 அடி. 9 அடித் திரை சரிவரும் போல. சப்டைட்டில் எப்பிடிச் செய்றது? ஆங்கிலச் சப்டைட்டில் வரிகளும் நேரமும் இருக்கிற எஸ்.ஆர்.டி கோப்பு கிடைச்சிருக்கு. பழைய ஆள் ஒருவர் தமிழில அடிச்சுத் தாறன் எண்டார், அவர் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிக்கிறவர்.

வாவிக்கரை – 5 ஜூன், இரவு 11.05

பாமினியில அடிக்கட்டும், பிரச்சினை இல்ல. ஆனா அதை யுனிகோடுக்கு மாத்தாம எஸ்.ஆர்.டி கோப்புக்குள்ள போட்டா திரையில ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். மாத்தின பிறகு யூ.டி.எஃப்-8 எண்டு தெரிவு செய்து சேமிக்கணும். மாத்துறப்ப ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும், ஒரு தடவை கண்ணால வாசிக்காம விடாதீங்க.

மென்பொருள்: "சப்டைட்டில் எடிட்" இலவசம், விண்டோசில ஓடும். ஆங்கில வரியை இடப்பக்கம் வச்சுத் தமிழை வலப்பக்கம் அடிக்கலாம்.

நீளம்தான் எல்லாரும் பிழை விடுற இடம். மென்பொருள் காட்டுற எழுத்து எண்ணிக்கை தமிழுக்குப் பொருந்தாது. "கொண்டு" எங்களுக்கு 3 எழுத்து. கணினிக்கு 6, ஏனெண்டால் கொம்பு, புள்ளி, உகரக் குறி எல்லாத்தையும் அது தனித்தனியா எண்ணுது. அதனால எண்ணிக்கை சிவப்பு காட்டினா பயப்படாதீங்க, சொல்லை எண்ணுங்க. ஒரு நொடிக்கு ரெண்டு சொல். ஒரு வரியில அஞ்சு சொல்லுக்கு மேல வேணாம், ஒரு தடவையில ரெண்டு வரிக்கு மேல வேணவே வேணாம். ரெண்டு நிறைஞ்ச வரிக்கு 5, 6 நொடி விடுங்க. ஒரு நொடிக்குக் குறைவா எதுவும் நிக்கக் கூடாது. ஆங்கிலத்தில மூண்டு வாக்கியம் இருந்தா தமிழில ரெண்டாக்குங்க. ஆள் முகத்தில தெரியிறதை எழுத்தில திரும்பச் சொல்லத் தேவையில்ல.

நடை பற்றி: கதையில ஊர்ச்சனம் பேசினா பேச்சுத் தமிழ், ஆசிரியரோ அதிகாரியோ பேசினா எழுத்துத் தமிழ் எண்டு வச்சா வித்தியாசம் தானா விளங்கும். முழுக்க மட்டக்களப்புப் பேச்சில போட்டா சனம் சிரிக்கும், கதை போயிரும். அளவா.

வாவிக்கரை – 6 ஜூன், காலை 7.15

நேற்று எழுதின நொடிக்கு ரெண்டு சொல் வளர்ந்த ஆளுக்கு. பிள்ளைகளும் வயசானவங்களும் கலந்த சபைக்கு ஒன்றரை. அப்பவும் முடியாத படம் எண்டால் ஒருவரை மைக்கில இருத்தி வாசிக்க விடுறது நல்ல வழி. பேச்சுக் குறைஞ்ச படத்துக்கு மட்டும்.

அம்பாறை மூன்றாம் குறிச்சி – 6 ஜூன், பின்னேரம் 4.02

எழுத்தின்ர வடிவம் பற்றி ஒண்டும் சொல்லல. நான் சொல்றன்.

உயரம்: படத்தின்ர உயரத்தில இருபதில ஒரு பங்கு. 9 அடித் திரைக்கு உயரம் 5 அடி சொச்சம், அப்ப ஒரு எழுத்து 3 அங்குலம். எழுத்துரு நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். வெள்ளை எழுத்து, மெல்லிய கறுப்பு விளிம்பு. விளிம்பைத் தடிப்பாக்கினா ண, ன, ழ எல்லாத்தின்ர சுழியும் அடைபட்டுப் போகும், பின்வரிசையில ணவும் னவும் ஒண்டாத்தான் தெரியும். ரெண்டு வரிக்கு இடையில இடைவெளி கூட்டுங்க. மேல் வரியில "றூ" வந்து கீழ் வரியில "கி" வந்தா முட்டும்.

டி.வி.யில பென் டிரைவ் போட்டுக் காட்டுற எண்ணம் இருந்தா எஸ்.ஆர்.டி கோப்பை நம்பாதீங்க. கன டி.வி.களுக்குத் தமிழ் எழுத்தைக் கோர்க்கத் தெரியாது. கட்டமா வரும், அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால வரும். அதுக்கு எழுத்தைப் படத்தோட பதிச்சு எடுக்கணும். "ஹேண்ட்பிரேக்" இலவசம், தரத்தை 18 முதல் 20க்குள்ள வையுங்க. எழுத்து இல்லாத மூலப் பிரதியைத் தனியா வச்சிருங்க. கோப்பு 4 ஜி.பி.க்கு மேல போனா ஃபேட்32 பென் டிரைவில ஏறாது, எக்ஸ்ஃபேட்டா மாத்துங்க.

அம்பாறை நகரத்தில காட்டினா சிங்களமும் வேணும். ரெண்டு மொழியையும் ஒரே இடத்தில நாலு வரியா அடுக்கினா படம் மறைஞ்சிரும். விழாக்களில செய்றது: ஒரு மொழி படத்துக்குள்ள, மற்றது திரைக்குக் கீழ தனிக் கறுப்புப் பட்டியில, இன்னொரு சின்னப் புரொஜெக்டரால. அந்த ரெண்டாவது லப்டொப்பில ஒரு ஆள் இருந்து வரி வரியாத் தட்டணும். அவருக்கு மூல மொழி தெரியாட்டியும் ஆங்கிலச் சப்டைட்டில் தெரிஞ்சா போதும்.

கல்லடி வாசகன் – 7 ஜூன், இரவு 10.21

தமிழ் வரி செய்து போட்டுப் பார்த்தா தொடக்கத்தில சரி, கடைசியில மூண்டு நிமிசத்துக்கு மேல முந்தி வருது. என்ன செய்ய?

வாவிக்கரை – 7 ஜூன், இரவு 10.50

ஃபிரேம் வேகம். உங்கட எஸ்.ஆர்.டி ஐரோப்பிய டி.வி.டி.க்குச் செய்தது, நொடிக்கு 25 ஃபிரேம். உங்கட படம் 23.976. ஒன்றரை மணித்தியாலத்தில வித்தியாசம் 3 நிமிசம் 41 நொடி. சப்டைட்டில் எடிட்டில ஃபிரேம் வேகம் மாத்துற பகுதியில 25இலிருந்து 23.976க்கு எண்டு குடுங்க, முடிஞ்சுது.

எப்பவும் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் பாருங்க. ரெண்டிலயும் ஒரே அளவு பிந்தினா முன்னுக்கு ஒரு நிறுவனச் சின்னம் கூடக் குறைய இருக்கு, எல்லாத்தையும் சேர்த்துத் தள்ளினாச் சரி. கடைசிக்குப் போகப் போகக் கூடினா ஃபிரேம் வேகம். கடைசியில 5 நொடி மட்டும் எண்டால் 24க்கும் 23.976க்கும் உள்ள வித்தியாசம். நடுவில ஒரு இடத்தில திடீரெண்டு பாய்ஞ்சா படம் வெட்டப்பட்ட வேற பிரதி, அதைக் கையாலதான் திருத்தணும்.

ஸ்கார்பரோ களுவாஞ்சிகுடி – 8 ஜூன், காலை 8.33

கனடாவில இருந்து எழுதுறன். இங்க புலம்பெயர்ந்த சபைக்கும் இதே பிரச்சினை, மறுபக்கமா. இலங்கைத் தமிழ்ப் படம் வந்தா ஞாயிறு பகல் ஒரு காட்சி, வாடகைத் தியேட்டர். பெரியவங்க வருவாங்க, பிள்ளைகளுக்கு எழுத்து வேணும். கனடாவில ஆங்கிலம், பாரிசில பிரெஞ்சு, சூரிச்சில ஜெர்மன், ஒஸ்லோவில நோர்வேஜியன். லெனின் எம். சிவத்தின் "எ கன் அண்ட் எ ரிங்" 2013இல ஷாங்காய் விழாவுக்குப் போனது, அசோக ஹந்தகம தமிழில எடுத்த "இனி அவன்" 2012இல கானில காட்டினாங்க. அங்க அதைப் பார்த்தவங்க எழுத்தை நம்பித்தான் பார்த்தாங்க. பூட்டான் படத்தைக் கல்லடியில பார்க்கப் போறவங்களும் அதே நிலையில இருக்கிறவங்கதானே.

ஒரு கேள்வி: உரிமை எப்பிடி எடுக்கப் போறீங்க? நெட்ஃப்ளிக்ஸ் கணக்கால ஹோலில போட்டுக் காட்டுறது சரியில்ல, அது வீட்டுப் பாவனைக்கு.

வாவிக்கரை – 8 ஜூன், இரவு 9.30

அக்கா கேட்டது சரியான கேள்வி, இந்த இழையில இதுதான் முக்கியம் எண்டு நினைக்கிறன்.

படத்தின்ர கடைசியில உலக விற்பனை எண்டு ஒரு நிறுவனப் பேர் வரும். அவங்களுக்குத்தான் முதல் மின்னஞ்சல், இயக்குநருக்கு இல்ல. சுருக்கமா எழுதுங்க: ஊர், திகதி, எத்தனை கதிரை, டிக்கெட்டா இலவசமா, ஒரு காட்சியா ரெண்டா, எந்த வகைக் கோப்பு வேணும். "வணிகமற்ற தனிக் காட்சி" எண்டு தெளிவாச் சொல்லுங்க. அவங்க ஒரு கட்டணம் சொல்லுவாங்க.

அந்த இடத்தில எங்கட கையில ஒரு பேரம் இருக்கு. நீங்க செய்ற தமிழ்ச் சப்டைட்டில் கோப்பு. பூட்டான் படத்துக்கோ மசிடோனியப் படத்துக்கோ தமிழ் எழுத்து அவங்களிட்ட அநேகமா இராது. "அனுமதி தந்தா தமிழ் எஸ்.ஆர்.டி செய்து உங்களுக்கே தாறம், சென்னை, கோலாலம்பூர், டொரொண்டோ எங்கயும் பாவிக்கலாம்" எண்டு எழுதுங்க. கட்டணத்தைக் குறைக்கக் கேட்கிறதுக்கு இதைவிட நேர்மையான காரணம் இல்ல. செய்தவங்க பேர் கடைசியில வரணும் எண்டும் கேளுங்க. எழுத்தை முதலே செய்து போட்டுட்டுப் பிறகு கேட்காதீங்க, அனுமதி இல்லாத மொழிபெயர்ப்பைக் கண்டா விலகிருவாங்க.

பிரெஞ்சு, ஜெர்மன் பணம் கலந்த கூட்டுத் தயாரிப்பு எண்டால் வேற வாசலும் உண்டு. பிரெஞ்சுக் கலாச்சார நிறுவனமும் கோதே நிறுவனமும் சில படங்களுக்கு வணிகமற்ற காட்சி உரிமையைத் தாங்களே வாங்கி வச்சிருப்பாங்க. கொழும்புக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்க. உள்ளூரில பொதுக் காட்சிக்குத் தணிக்கைச் சபை அனுமதி தேவையா எண்டதைப் படம் வாறதுக்கு முன்னமே எழுத்தில கேட்டு வையுங்க, கடைசி வாரத்தில ஓட வேணாம்.

மருதமுனை நெசவு – 9 ஜூன், காலை 7.10

சத்தம் பற்றி ஒருத்தரும் எழுதல. வாற கோப்பு 5.1 ஒலி எண்டால் பேச்சு முழுக்க நடுச் சனலில இருக்கும். உங்களிட்ட இருக்கிறது இடம் வலம் ரெண்டு ஸ்பீக்கர். லப்டொப் ஆறு சனலையும் ரெண்டாக் கலக்காட்டி இசை கேட்கும், காத்துக் கேட்கும், பேச்சு கேட்காது. காட்சிக்கு முதலே ஸ்டீரியோவா மாத்தி வையுங்க.

வாடகைக்கு வாற சவுண்ட் ஆள் கல்யாண வீட்டுக்கு வச்ச மாதிரியே மிக்சரைக் கொண்டு வருவார். எக்கோவை முழுசா நிப்பாட்டச் சொல்லுங்க. பாஸைக் குறைச்சு, 100 ஹேர்ட்சுக்குக் கீழ வெட்டி, 2000க்கும் 4000க்கும் இடையில கொஞ்சம் ஏத்தினா குரல் தெளியும். லப்டொப்பைச் சார்ஜரில போட்டதும் "ம்ம்ம்" எண்டு இரைஞ்சா அது எர்த் பிரச்சினை, பேட்டரியில ஓட விடுங்க. பல்புப் புரொஜெக்டருக்கு ஒரு யு.பி.எஸ் வேணும். கரண்ட் திடீரெண்டு போனா உள் ஃபேன் நிண்டு சூட்டிலேயே பல்பு வெடிக்கக் கூடும்.

அம்பாறை மூன்றாம் குறிச்சி – 9 ஜூன், பகல் 1.15

கடற்கரையில திறந்தவெளியில போடலாமா எண்டு யாராவது கேட்பீங்க. கச்சான் காத்து வீசுற மாசத்தில வேணாம். 12 அடித் துணியில 30 கிலோமீட்டர் வேகக் காத்துப் பட்டா 35, 40 கிலோ எடையோட தள்ளும், ரெண்டு கமுகு மரக்கால் தாங்காது. கட்டாயம் எண்டால் நாலு மூலையிலும் பின்பக்கம் இழுகயிறு, ஒவ்வொண்டுக்கும் மணல் மூட்டை.

வாவிக்கரை – 9 ஜூன், இரவு 10.02

நேரத்தையும் சேருங்க. ஜூனில சூரியன் 6.20 அளவில மறையும், திறந்தவெளியில 7 மணிக்கு முன்னம் படம் வெளுத்துத்தான் தெரியும். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் எண்டால் இஷாத் தொழுகை முடிஞ்சு 8.15க்குத் தொடங்குங்க. "மாட்டிர் மொய்னா"வை அங்க கட்டாயம் காட்டணும். மதரசாவில படிக்கிற பிள்ளையின்ர கதை, 1960களின் கடைசிக் கிழக்குப் பாகிஸ்தான். எங்கட கடற்கரை ஊர்களில அதைப் பற்றிப் பேச ஆள் இருக்கும்.

ஸ்கார்பரோ களுவாஞ்சிகுடி – 10 ஜூன், காலை 6.40

பூட்டானின் "லுனானா"வையும் மூண்டாவதா வையுங்க. மின்சாரம் இல்லாத மலையூரில சூரிய மின்கலத்தை வச்சு எடுத்த படம். முதல் தடவை ஒஸ்காருக்கு அனுப்பினப்ப, நாட்டில அங்கீகரிச்ச தேர்வுக்குழு இல்ல எண்டு தள்ளிட்டாங்க. திரும்ப அனுப்பி 2022இல இறுதிப் பட்டியலுக்கு வந்தது. பேச்சு அதிகம், அதனால தொடக்கத்தில வைக்காதீங்க. பின்தங்கின பாடசாலைக்கு இடமாற்றம் வந்த ஆசிரியர் கதை, படுவான்கரைப் பக்கம் படிப்பிக்கிறவங்களைக் கட்டாயம் கூப்பிடுங்க.

கல்லடி வாசகன் – 10 ஜூன், இரவு 9.55

ஒட்டகப் படத்துக்கு மின்னஞ்சல் போட்டாச்சு, தமிழ்க் கோப்புத் தாறம் எண்டதையும் எழுதினம். இங்க குறும்படம் எடுக்கிற பொடியன்மார் கேட்கிறாங்க, தங்கட படத்தை வெளிநாட்டு விழாவுக்கு அனுப்ப என்ன வேணும் எண்டு.

வாவிக்கரை – 10 ஜூன், இரவு 11.20

மூண்டு விசயம் இப்பவே சொல்லுங்க. யூடியூபில போட வேணாம், கன விழாக்கள் முதல் காட்சி தங்களுக்கு வேணும் எண்டு கேட்கும். கோடம்பாக்கப் பாட்டைப் பின்னணியில வச்சா உரிமைப் பத்திரம் கேட்கிறப்பவே படம் நிண்டிரும். போனில எடுத்தா ஃபிரேம் வேகத்தை 24இலயோ 25இலயோ பூட்டி எடுங்க. போன் தன்பாட்டில வேகத்தை மாத்தினா தொகுக்கிறப்ப வாயும் குரலும் பிரியும்.

தெரிவானா சில விழாக்கள் டி.சி.பி (தியேட்டருக்கான டிஜிட்டல் பிரதி) கேட்கும். "டி.சி.பி-ஓ-மெட்டிக்" இலவசமாச் செய்து தரும். பூட்டு வைக்காம அனுப்புங்க. பூட்டு வச்சா ஒவ்வொரு தியேட்டருக்கும் தனிச் சாவி, திறக்கிற நேரமும் அதுக்குள்ள எழுதியிருக்கும். அங்கத்தைய நேரத்துக்கும், கிரீன்விச்சுக்கு அஞ்சரை மணித்தியாலம் முந்தின எங்கட நேரத்துக்கும் கணக்குப் பிழைச்சா சாவி திறக்காது. அளவு பெருசு, ஒன்றரை மணித்தியாலப் படம் உச்ச வேகத்தில 170 ஜி.பி. வரை போகும், 15 நிமிசக் குறும்படம் 28 அளவில.

ஆங்கிலச் சப்டைட்டிலை எடுத்தவங்களே எழுதட்டும், பிறகு தமிழ் தெரியாத ஒருவரை எழுத்தை மட்டும் பார்க்க வைக்கணும். மூலப் பிரதியை ரெண்டு வன்தட்டில, ரெண்டு வேற வீட்டில வையுங்க. 1983 ஜூலையில ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிஞ்சப்ப அதுக்குள்ள இருந்த படச்சுருளுக்கு வேற பிரதி இல்லாம எத்தனையோ போயிற்று. பொடியன்மாரிட்ட எந்தக் கமரா, எத்தனை நிமிசம் எண்டு கேட்டுப் போடுங்க, மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்றன்.